பின்வரிசை வாத்தியம் பாடிய கையறுநிலை

சென்ற இலையுதிர் காலத்தில், கிரின்ஸ்டெட்டில் எம்மவர் குடும்பமொன்றில் நேர்ந்த அகால மரணத்தின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம் வாடகை மண்டபமொன்றில் நடைபெற்றது. மறைந்தவன் இருபத்து மூன்று வயது இளைஞன். நோய் அவனை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து கொண்டு சென்றது. பெற்றோரின் விருப்பப்படி அவனது பெயரையோ குடும்பத்தின் விபரங்களையோ இங்கே தரவில்லை. அவன் சிறுவனாக இருந்தபோது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் முன் வாங்கில் இருந்து ஆத்திசூடி மனனம் செய்தவன் என்பது மட்டும் போதும்.

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. தேவாரம் ஓதப்பட்டது. கல்வெட்டு வெளியிடப்பட்டது. அதன் பின், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. மறைந்தவனின் பள்ளித் தோழனான மற்றொரு தமிழ் இளைஞன், தன்னிலும் உயரமான ஏதோ ஒன்றைக் கறுப்பு உறையுடன் மண்டபத்தின் பின்வாயிலால் சுமந்து வந்தான். உறையைக் கழற்றியபோதுதான் அது டபிள் பேஸ் என்னும் பெருவயலின் எனத் தெரிந்தது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. என் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர், "செத்த வீட்டில கச்சேரியோ?" என்று கேட்டார். நானும் அதை ஆமோதித்துத் தலையசைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இளைஞன் எவருடைய முகத்தையும் பார்க்காமல், படத்துக்குப் பக்கவாட்டில் நின்றபடி, ஏழு நிமிடமளவில் தனியாக வாசித்தான். பக்கவாத்தியம் இல்லை. ஒலிபெருக்கியும் இல்லை. முடிந்ததும் எவரும் கைதட்டவில்லை, தட்டவும் கூடாது. ஆனால் சலசலப்பும் திரும்பி வரவில்லை. மறைந்தவனின் தாயார் மட்டும் எழுந்து சென்று அவனிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்றிரவு வீடு திரும்பியதும், நான் எதற்காகத் தலையசைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சரியான விடை கிடைக்கவில்லை. அதன் பின் சில மாதங்களாக நூலகத்திலும் இசைத்தட்டுகளிலும் தேடியவற்றையும், அந்த இளைஞனுடன் உரையாடியதில் அறிந்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வாத்தியம் பற்றிச் சிறிது. டெனிஷ் மொழியில் இதனைக் கொன்ட்ராபாஸ் என்பர். ஏறத்தாழ ஆறு அடி உயரம். பொதுவாக நான்கு நரம்புகள். அடுத்தடுத்த நரம்புகள் நமது சங்கீதத்தில் ச‑ம என்று சொல்லும் இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். அதிரும் நரம்பின் நீளம் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும். வயலினிலோ அது ஓரடியளவுதான். மிகக் கீழான நரம்பு வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 20 என்பதால், இந்த ஒலி காதுக்கு எட்டுமுன் நெஞ்சுக்கூட்டுக்கும் கால் வைத்திருக்கும் பலகைக்கும் எட்டிவிடுகிறது. அன்று மண்டபத்தில் என் நாற்காலியின் கைப்பிடி நடுங்கியதை நான் முதலில் என் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டேன்.

பழைய தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த எவரும் இந்த ஒலியை அறிவர். ஆனால் அதனை ஒரு வாத்தியமாக அறிந்தவர் சிலரே. பாடகர் முன்னே நிற்பார், வயலின்கள் சூழ நிற்கும், எங்கோ அடியில் 'தும் தும்' என்று ஒன்று நடந்துகொண்டிருக்கும். அது நின்றால்தான் அது இருந்தது தெரியும். மேலைத்தேயப் பெரிய வாத்தியக் குழுக்களிலும் இதன் இடம் பின்வரிசைதான். இதனை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் முற்காலத்தில் மிகச் சிலர். இத்தாலியரான டிராகொனெற்றி அவர்களுள் ஒருவர். 1799இல் வியன்னாவில் பீத்தோவனைச் சந்தித்த அவர், செல்லோவுக்கென பீத்தோவன் எழுதிய சொனாட்டா ஒன்றை இந்தப் பெருவாத்தியத்திலேயே வாசித்துக் காட்டி அவரை வியக்கச் செய்தார் என்பது இசை வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி.

எம்மவர்க்கு இது புரியாத விடயமல்ல. தவில் நாதஸ்வரத்துக்குத் துணையாகப் பிறந்த வாத்தியம். ஆயினும் இணுவிலில் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால், அவருடைய தனி ஆவர்த்தனத்துக்கென்றே சனம் விடியும்வரை கோயில் வீதியில் மணலில் இருந்தது. துணை நிற்கும் ஒன்று முன்னே வந்து பேசும்போது, அதுவரை அது அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வருகிறது போலும்.

இனி, செத்த வீட்டில் இசை ஆகுமா என்ற கேள்வி. பெரியவர் கேட்டதும் நான் தலையசைத்ததும் மரபின் பெயரால்தான். ஆனால் மரபு என்ன சொல்கிறது? யாழ்ப்பாணத்தில் சைவர் வீடுகளில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடாமல் பிரேதம் வாசல் தாண்டாது. பறைமேளம் முன்னே செல்லும். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். அது அழுகை மட்டுமன்று, இராகமும் யாப்பும் உள்ள பாட்டு. கிறிஸ்தவர் வீடுகளில் கீதங்கள் இடைவிடாமல் பாடப்படும். இசையில்லாத மரணத்தை எமது ஊர்கள் அறிந்ததே இல்லை. மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அயலவருக்கு இடைஞ்சல் வராமல் மெதுவாக அழப் பழகிய பிறகுதான், மௌனமே எமது மரபு என்று எண்ணத் தொடங்கினோமோ என்று எனக்கு ஐயம் உண்டாகிறது.

நாம் வாழும் இந்த நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. டென்மார்க்கின் மாபெரும் இசையமைப்பாளர் எனப் போற்றப்படும் கார்ல் நீல்சன் (1865-1931) ஃபூன் தீவில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்தவர், கிராமத்துக் கொண்டாட்டங்களில் வயலின் வாசித்தவர். 1910ஆம் ஆண்டு தை மாதத்தில் நீல்சனின் நண்பரான ஒலுஃப் ஹார்ட்மன் என்ற ஓவியர் முப்பது வயதில் காலமானார். அவருடைய இறுதி நிகழ்வுக்காக நீல்சன் ஒரு சிறு இசைப் படைப்பை எழுதினார். 'ஓர் இளம் கலைஞனின் பாடையருகே' என்பது அதன் தலைப்பின் பொருள். நான்கு நரம்பு வாத்தியங்களுடன் ஒரு டபிள் பேஸையும் அதில் அவர் சேர்த்திருந்தார். நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு எழுதுவதே வழக்கம். ஐந்தாவதாக அந்த அடிக்குரலை அவர் எதற்காக அழைத்தார் என்பதை, அதனை ஒருமுறை கேட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் நழுவும்போது காலூன்ற ஓரிடம் வேண்டும். 1931இல் நீல்சன் மறைந்தபோது அவருடைய இறுதி நிகழ்விலும் அதே படைப்பு வாசிக்கப்பட்டது. நண்பனுக்கு எழுதியது, இருபத்தொரு ஆண்டு காத்திருந்து, எழுதியவனுக்கும் ஆகிவந்தது.

பிரான்சில் இவ்வகைப் படைப்புகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே 'தொம்போ' என்று தனிப்பெயர் இருந்தது. கல்லறை என்பது பொருள். பிளாங்க்ரோஷே என்ற லூட் வாத்தியக் கலைஞர் 1652இல் பாரிசில் மாடிப்படியில் தவறி வீழ்ந்து இறந்தார். அப்போது உடனிருந்த நண்பர் புரோபெர்கர் எழுதிய தொம்போ, மேலிருந்து கீழே இறங்கும் சுரவரிசையுடன் முடிகிறது. படியிலிருந்து வீழ்ந்ததைக் குறிக்கிறது என்பர் சிலர். எனக்கு அது சற்றுக் கொடூரமாகவே பட்டது. ஆனால் பக்கத்தில் நின்றவனுக்கு அந்த ஓசை எத்தனை நாள் காதில் கேட்டிருக்கும் என்று யோசித்தபோது குறைகூற மனம் வரவில்லை. மரேன் மரே தமது ஆசானாகிய செயின்ற் கொலொம்புக்கு எழுதி 1701இல் வெளியிட்ட தொம்போ, டபிள் பேஸின் தூரத்து உறவான பேஸ் வயல் என்ற வாத்தியத்துக்கு உரியது. அதே வாத்தியத்தில் ஆசான் கற்றுக்கொடுத்ததை, அதே வாத்தியத்தில் ஆசானுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் என்னை நீண்ட நாள் பிடித்து வைத்திருந்த கதை இவர்களுடையது அன்று. இந்த நாட்டில், எமது காலத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்த இருவருடையது.

நீல்ஸ்-ஹென்னிங் ஏர்ஸ்டெட் பீடர்சன் 1946ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், றொஸ்கில்ட நகருக்கு அண்மையிலுள்ள ஓஸ்டெட் என்ற கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் பியானோ பயின்றவர், பதின்மூன்று வயதளவில் டபிள் பேஸைக் கையில் எடுத்தார். 1961ஆம் ஆண்டின் கடைசி இரவில், பதினைந்து வயதில், கொப்பன்ஹேகனின் புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கூடமான மொன்மார்த்ரவில் அரங்கேறினார். பதினேழு வயதில், அமெரிக்காவின் பெரும் இசைக்குழுத் தலைவர்களுள் ஒருவரான கவுன்ட் பேசி தமது குழுவில் சேருமாறு அவரை அழைத்தார். அவர் செல்லவில்லை. முக்கிய காரணம், அமெரிக்காவில் தங்கித் தொழில் செய்ய அனுமதி பெறுவதற்கு அவருடைய வயது போதவில்லை என்பது! வதிவிட அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சிடிக்கும் எமது வாசகர்கள், ஒரு டெனிஷ்காரருக்கும் இது நேர்ந்ததை அறிந்து சற்றே புன்னகைக்கலாம்.

அவர் போகாத அமெரிக்கா அவரைத் தேடி வந்தது. அறுபதுகளில், நிறவெறியும் வேலையின்மையும் துரத்திய கறுப்பின அமெரிக்க இசைக் கலைஞர் பலர் ஐரோப்பாவுக்கு வந்தனர். அவர்களில் கணிசமானோர் கொப்பன்ஹேகனில் தங்கினர். டெக்ஸ்டர் கோர்டன் 1962 முதல் 1976 வரை இங்கே வாழ்ந்தார். பென் வெப்ஸ்டர் தமது கடைசி ஆண்டுகளை இங்கே கழித்தார். 1928இல் நியூயோர்க்கில் பிறந்த பியானோக் கலைஞர் கெனி ட்றூ, 1961இல் பாரிசுக்கும் 1964இல் கொப்பன்ஹேகனுக்கும் வந்து சேர்ந்தார். அவர்கள் எம்மைப் போலச் சட்டப்படி அகதிகள் அல்லர். கடவுச்சீட்டுடன் வந்தவர்கள், விரும்பினால் திரும்பலாம். எனினும், சொந்த ஊரில் நின்று வாழ முடியாமல் வடதிசைக் குளிரில் வந்து, தெரியாத மொழியில் பாண் வாங்கிய அனுபவம் அவர்களுக்கும் இருந்தது.

கெனி ட்றூவும் அந்த இளம் டெனிஷ் கலைஞனும் மொன்மார்த்ரவில் ஒன்றாக வாசிக்கத் தொடங்கினர். முன்னவர் பின்னவரிலும் பதினெட்டு வயது மூத்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் கலைஞர் எவராயினும், பியானோவில் ட்றூ, டபிள் பேஸில் பீடர்சன், முரசுகளில் அலெக்ஸ் ரீல் என்ற மூவர் அணி பின்னால் நிற்கும். 1973இல் ட்றூவும் பீடர்சனும் முரசும் இல்லாமல் 'டுவோ' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அதில் டெனிஷ் பிள்ளைகள் பாடசாலையில் பாடும் பழைய நாட்டுப்பாடல் ஒன்றும் உண்டு; காட்டின் ஆழ்ந்த அமைதியைப் பற்றியது. கேட்க முடிந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். டபிள் பேஸ் முன்னால் வந்து மெட்டை எடுத்துச் செல்கிறது. நியூயோர்க் பியானோ அதற்கு இடம் விட்டுப் பக்கத்தில் நடக்கிறது. வந்தவன், இருந்தவனின் பாட்டுக்குத் துணைபோகிறான். குடியேறியவர்களும் உள்ளூரவரும் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இங்கே நடக்கும் கூட்டங்களில் நான் கேட்ட உரைகள் பலவற்றிலும் இது தெளிவாக இருந்தது.

பீடர்சன் பின்னர் ஒஸ்கார் பீற்றர்சனின் குழுவில் உலகமெங்கும் வாசித்தார். 1973இல் பதிவான அவர்களது இசைத்தட்டொன்று கிராமி விருது பெற்றது. 1991இல் நோர்டிக் நாடுகளின் அவை வழங்கும் இசைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. வலக்கையின் விரல்களை மாறி மாறிப் பயன்படுத்தி, வேறெவரும் வில்லாலும் எட்டமுடியாத வேகத்தில் நரம்புகளை மீட்டினார் என்று அறிந்தவர்கள் சொல்வர். எனக்கு வேகத்தில் பெரிய நாட்டமில்லை. அவர் மெதுவாக வாசிக்கும் இடங்களில்தான் அவருடைய பெருமை எனக்குத் தெரிகிறது.

1993ஆம் ஆண்டு ஆவணி மாதம் 4ஆம் திகதி கெனி ட்றூ கொப்பன்ஹேகனில் காலமானார். அதே ஆண்டு தை மாதத்தில்தான், எம்மவரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை 1987 முதல் முடக்கி வைத்த விவகாரத்தால் டென்மார்க் அரசே பதவி விலகியது. அன்றைய நீதியமைச்சர் ஏரிக் நின்-ஹன்சன் 1995இல் விசேட நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்நாட்டில் முதலில் வந்து சேர்ந்த எம்மவருக்கு 1993 என்றால் அந்தச் செய்திதான் நினைவு. அதே ஆண்டில் இன்னொரு வந்தேறி இங்கே மண்ணுக்குள் போனதை நாம் எவரும் அறிந்திருக்கவில்லை. நோரெப்ரோவில், அன்டர்சனும் கீர்க்ககோரும் உறங்கும் அசிஸ்டன்ஸ் இடுகாட்டிலேயே ட்றூவும் அடக்கம் செய்யப்பட்டார். பென் வெப்ஸ்டரும் அங்கேதான் இருக்கிறார். இன்று கொப்பன்ஹேகனின் தென்பகுதியில் கெனி ட்றூவின் பெயரில் ஒரு தெருவும் உண்டு.

நண்பன் இறந்த பின் பீடர்சன் அவருக்கென ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். 'என்றென்றும் நண்பர்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். கெனி ட்றூவின் நினைவாக என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் தனியாக வாசிக்கவில்லை. மூவர் அணிதான். பியானோவில் கனடாவைச் சேர்ந்த ரெனே ரொஸ்னஸ், முரசுகளில் ஜோனாஸ் யொஹான்சன். இதை அறிந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. நண்பனின் நினைவுக்கு வாசிப்பவர், நண்பன் இருந்த அதே ஆசனத்தில் வேறொருவரை இருத்துவாரா? தனியாக நின்று அழ வேண்டாமா?

இங்கேதான் எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. இறந்தவரை எண்ணி உற்றவர் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்ற துறையாக எமது முன்னோர் வகுத்திருந்தனர். பாரிக்குக் கபிலர், அதியமானுக்கு ஔவையார் என்று அந்த வரிசை நீளும். அதில் பொத்தியார் என்ற புலவர் எனக்கு மிக நெருக்கமானவர். அவருடைய நண்பனான கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தான். பொத்தியார் உடனிருந்து இறக்க விரும்பியும், அவருடைய மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்த பின் வருமாறு அரசன் அவரை அனுப்பிவிட்டான். உறையூருக்குத் திரும்பிய பொத்தியார் அரசனில்லாத மன்றத்தைக் கண்டார். பல காலம் யானையைப் பேணி உணவூட்டிய பாகன் ஒருவன், அது கட்டப்பட்டிருந்த வெறுங்கம்பத்தைக் கண்டு கலங்குவதைப் போலத் தாமும் கலங்கியதாக அவர் பாடுகிறார். அவரைக் கலங்கச் செய்தது அரசனின் உடல் அன்று, அவன் இல்லாத இடம்.

பீடர்சனின் இசைத்தட்டை இந்த நினைவோடு மறுபடி கேட்டேன். பியானோ ஆசனத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தால், அது நாடகமாகியிருக்கும். வேறொருவரை இருத்தியதால், அந்த ஆசனத்தில் முன்பு இருந்தவர் யார் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. ரொஸ்னஸ் அம்மையார் ட்றூவைப் போல வாசிக்க முயலவில்லை, அதுவே நல்லது. 2005ஆம் ஆண்டு சித்திரை 19ஆம் திகதி, ஐம்பத்தெட்டாவது வயதில் பீடர்சனும் காலமானார். இப்போது அந்த இசைத்தட்டில் இரண்டு வெறுங்கம்பங்கள்.

எமது இளைஞனிடம் வருவோம். அவனுடன் இரண்டு தடவை நீண்ட நேரம் உரையாடினேன். நகராட்சியின் இசைப் பாடசாலையில் பன்னிரண்டு வயதில் சேர்ந்திருக்கிறான். கிட்டார் வகுப்பில் இடமில்லாமையால், எவரும் விரும்பாத இந்த வாத்தியம் அவன் பங்குக்கு வந்ததாம். சொந்த வாத்தியம் வாங்க வசதியில்லை, இன்றுவரை இரவல்தான்.

மறைந்த நண்பனும் இவனும் சிறுவயதில் சைக்கிளில் பில்லுன்ட் வரை சென்று வருவார்கள். பன்னிரண்டு கிலோமீற்றரளவு தூரம், எதிர்க்காற்று. நண்பன் வந்துவிட்டதற்கு அடையாளமாக யன்னலின் கீழ் நின்று சீழ்க்கை அடிப்பான். இரண்டே சுரங்கள், கீழிருந்து மேலே தாவுவது. இவன் மேலிருந்து பதிலுக்கு அடிப்பான். அந்தத் தாவல் ச‑ம அளவினது என்பதை, டபிள் பேஸ் படிக்கத் தொடங்கியபின் நரம்பைச் சுருதி சேர்க்கும்போதுதான் கண்டுபிடித்தானாம். வாத்தியம் முழுவதுமே அந்தத் தாவலால்தான் கட்டப்பட்டிருந்தது.

முதலில் எழுதியது இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டதென்றான். சைக்கிள் பயணம், பாடசாலை, சண்டை, மருத்துவமனை எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தான். அதைக் கேட்ட டெனிஷ் ஆசிரியை ஒருவர், இதில் நீ இருக்கிறாய், உன் துயரம் இருக்கிறது, உன் நண்பன் எங்கே என்று கேட்டாராம். வெட்டத் தொடங்கினான். மருத்துவமனை முழுவதையும் நீக்கினான். எஞ்சியது மிகச் சிறிது. கீழ் நரம்பை ஒரு சுரம் இறக்கிக் கட்டி, அதைத் தம்புராவைப் போல இடையிடையே ஒலிக்க விட்டான். அதன் மேல், நரம்பை அழுத்தாமல் விரலால் மெல்லத் தொட்டு வில்லை இழுத்தான். பாதியில் தொட்டால் மேல் ஷட்ஜம், மூன்றிலொன்றில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம்; அத்தனை பெரிய மரப்பெட்டிக்குள்ளிருந்து புல்லாங்குழலைப் போன்ற ஒலி வரும். அதிலேதான் அந்தச் சீழ்க்கையை வைத்தான். மூன்று தடவை சீழ்க்கை வருகிறது. ஒவ்வொன்றின் பின்னும் பதிலுக்குரிய நேரம் காலியாக விடப்படுகிறது. முதலாவது மௌனம் சிறிது. மூன்றாவது மிக நீண்டது.

மண்டபத்தில் அந்த மூன்றாவது மௌனத்தின்போது, வாசிப்பு முடிந்துவிட்டதென்று எண்ணி நான் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன். அந்தத் தாள் சரசரத்த ஓசை இப்போதும் எனக்குக் கூச்சத்தைத் தருகிறது.

சொல்லால் எழுதியிருக்கலாமே, கல்வெட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்போமே என்று அவனைக் கேட்டேன். "சேர், அழுறதுக்கு எனக்குத் தமிழ் காணாது. டெனிசில எழுதினால் அவன்ர அம்மாக்கு விளங்காது" என்றான். நான் கற்பித்த தமிழ் அவனுக்குக் கட்டுரை எழுதப் போதுமானதாக இருந்தது. அவனைக் குறைகூறுவதா, என்னைக் குறைகூறுவதா என்று தெரியவில்லை.

கல்வெட்டுப் பற்றி நான் சிறிது சொல்ல உரிமையுடையவன். கலைப்பட்டதாரி, தமிழாசிரியன் என்ற காரணத்தால் ஊரிலும் இங்குமாக எத்தனையோ பேருக்குக் கல்வெட்டுப் பாடல்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திதி வெண்பா, கிராமத்தின் சிறப்பு, குலச் சிறப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசை உண்டு. முப்பது நாட்களுக்குள் அச்சுக்குப் போகவேண்டும். பெயரை மாற்றினால் ஒருவருக்கு எழுதியது மற்றவருக்கும் பொருந்தும், மாற்றியும் இருக்கிறேன். அவற்றில் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். அந்த டெனிஷ் ஆசிரியை என் கல்வெட்டுகளை வாசிக்க முடியாதது என் நல்லூழ்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். ஒரே அறை, ஒரே சைக்கிள், ஒரே புத்தகத்தை இருவராகப் பாதியாகக் கிழித்துப் படித்த காலம். நான் புறப்பட்டு வந்தேன், அவன் வரவில்லை. அவன் இறந்த செய்தி, நாற்பத்தைந்து நாட்கள் கழித்து, மூன்றாம் ஆள் ஒருவரின் கடிதத்தின் கடைசிப் பந்தியில் வந்தது. அந்தியேட்டியும் முடிந்துவிட்டிருந்தது. அவனுடைய வீட்டாருக்கு அனுதாபக் கடிதம் எழுதினேன். முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் வெண்பா எழுதிய நான், அவனுக்கு ஓரடியும் எழுதவில்லை. நேரமில்லை என்றும், பின்னர் காலம் கடந்துவிட்டது என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த இளைஞன் மண்டபத்தினுள் வாத்தியத்துடன் நுழைந்தபோது நான் தலையசைத்தது மரபுக்காகத்தானா என்ற கேள்விக்கு, இதை எழுதும்போதுதான் விடை தெரிகிறது.

தாயார் அன்று அவனிடம் கேட்டதைச் சொல்லவில்லையே. "தம்பி, அது யன்னலுக்குக் கீழ நிண்டு கூப்பிடுறதுதானே?" என்று கேட்டாராம். அவன் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினானாம். அந்தச் சீழ்க்கையை அவர் பத்து வருடம் அடுப்படியில் நின்று கேட்டவர். சுரமும் சுருதியும் அறியாதவர். மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தோம். அவருக்கு மட்டும் அது விளங்கியது.

வரும் ஆட்டைத் திவசத்திலும் அவன் வாசிக்க வேண்டுமென்று குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். என் பின்னால் இருந்து கேள்வி கேட்ட பெரியவர், அந்தப் பெரிய பெட்டியைக் கொண்டுவரத் தமது மகனின் வானைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் என் நண்பனுக்காக ஒரு வெண்பாவைத் தொடங்கியிருக்கிறேன். ஊர்ச்சிறப்பையும் குலச்சிறப்பையும் விட்டுவிட்டு, பாதியாகக் கிழித்த புத்தகத்திலிருந்து தொடங்கினேன். மூன்றாம் அடியில் நிற்கிறது.